முற்றத்துக்கு மூடி போடாதீர்கள்!

1902. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். கோடை வந்தாலே முதலாளிக்கு வயிற்றில் புளி கரைக்கும். காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் உப்பும். குறைந்தால் சுருங்கும். ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் சரியாக உட்காராது. அச்சடித்த தாள்கள் குப்பைக்குப் போகும். இதற்கு வைத்தியம் பார்க்க வந்தார் வில்லிஸ் கேரியர். வயது 25. குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைப் பிடித்தார். நவீன ஏ.சி. பிறந்த கதை இதுதான். முதன்முதலில் அது சேவகம் செய்தது காகிதத்துக்கு!

அதே காலத்தில் இங்கே காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் நகரத்தார் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்த பணம். பர்மாத் தேக்கு வந்தது. இத்தாலிய மார்பிள் வந்தது. பக்கத்து ஆத்தங்குடியில் வண்ணக் கற்கள் தயாராயின. இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகள் இவற்றைத்தான் படம் எடுக்கிறார்கள். படத்தில் விழாத சரக்கு ஒன்று அந்த வீடுகளில் உண்டு. காற்று!

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, சமையற்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும் வீடு. வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டிருப்பதால், காலை, மாலைச் சாய்வெயில் குறுகலான முகங்களில் மட்டுமே விழும். மேலே அடுக்கடுக்காக நாட்டு ஓடு. இடையில் சிக்கிய காற்று வெயிலைத் தடுக்கும். சுவர்களோ கனமானவை. பகல் சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சூடான காற்று மேலே எழும்பி முற்றம் வழியாக வெளியேற, நிழல் விழுந்த பத்திகளிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். ராத்திரியில் திறந்த வானத்துக்குச் சூட்டை விட்டுவிட்டு, முற்றத்துத் தரை குளிரும். வெயில் ஏறுமுன் ஜன்னலைச் சாத்து, சாய்ந்ததும் திற. இதுதான் அந்த மெஷினுக்கு ஸ்விட்ச்!

அப்புறம் காலம் திரும்பியது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, பர்மாவில் கொடுத்த கடன் திரும்பவில்லை. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. வருமானம் நின்றது. வீடு மட்டும் நின்றது, பூட்டிய கதவோடு. பங்காளிகள் பெருகினார்கள். பராமரிக்க முடியாத வீடுகள் பிரிக்கப்பட்டன. தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருளாக விலைக்கு வந்தன.

மிச்சமிருந்ததைக் காப்பாற்ற ஒரு வழி, வீட்டையே தொழிலாக்குவது. 1999-ல் காரைக்குடியில் 'தி பங்களா' விடுதியானது. பின்னர் கானாடுகாத்தானில் 'விசாலம்', கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' என்று வரிசையாக வந்தன. இவை பெயர் பெற்றவை. நான் கவலைப்படுவது சின்னவர்களைப் பற்றி. குடும்பமே நடத்தும் ஆறேழு அறை லாட்ஜ், மெஸ், ஜவுளிக்கடை.

இவர்களில் பலர் முதலில் செய்யும் காரியம் என்ன தெரியுமா? முற்றத்துக்கு மேலே ஃபைபர் ஷீட் போட்டு மூடுவது! மழை வராது, குரங்கு வராது. சரிதான். சூடான காற்று போகவும் வழியில்லை. மத்தியானம் வளவு அடுப்பாகிறது. உடனே ஏ.சி. பதினைந்து அடி உயரக் கூடத்தைக் குளிர வைக்க அது மூச்சுத் திணறுகிறது. கரண்ட் பில்லோ வீட்டுக் கட்டணமில்லை, வணிகக் கட்டணம். யூனிட்டுக்கும் காசு, வாங்கி வைத்த லோடுக்கும் காசு.

நான் பி.காம். படித்தவன். நகரத்தார் பேரேட்டில் ஐந்தொகை என்று ஒன்று உண்டு. வரவு செலவு அத்தனையும் நேராகிறதா என்று பார்க்கும் கணக்கு. அதை இங்கேயும் போட்டுப் பார்ப்போம். பழைய ட்யூப் லைட் சோக்கோடு சேர்த்துச் சுமார் 55 வாட் இழுக்கும். எல்.இ.டி. 20 வாட். 40 விளக்கு, தினம் 6 மணி நேரம் என்றால் 8.4 யூனிட் மிச்சம். பழைய ஃபேன் 75 வாட், புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். 20 ஃபேன், 12 மணி நேரம் என்றால் 10.8 யூனிட். ஆக, நாளைக்கு 19.2 யூனிட். மாதம் 576! ஒரு செங்கல்லைக்கூட இடிக்கவில்லை.

ஏ.சி.யே வேண்டாமா? விருந்தாளி கேட்கிறார், போடத்தான் வேண்டும். ஆனால் கூடத்தில் வேண்டாம். வளவைச் சுற்றி இருக்கிற சின்ன அறைகளில் போடுங்கள். கனத்த சுவர், குறைந்த ஜன்னல், குளிர் தங்கும். கதவிடுக்கை முதலில் அடையுங்கள். 24-ல் வைத்து ஃபேனையும் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. இன்னொன்று: தேக்குச் சட்டத்துக்குள் ஓடும் பழைய ஒயரிங்கில் ஏ.சி.யை மாட்டாதீர்கள். ரப்பர் உறை காய்ந்து உதிர்ந்திருக்கும். அங்கே பேச்சு பில்லைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது.

2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்தன. பெருமைதான். ஆனால் பட்டியல் கரண்ட் பில் கட்டாது. பில் கட்ட முடியாத வீடு நாளைக்குத் தூண் தூணாக விற்பனைக்கு வரும்.

ஆகவே, முதல் வேலையாக அந்த ஷீட்டைக் கழற்றுங்கள். மழைக்குப் பயமா? இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்து, குரங்குக்கு ஒரு கம்பிவலை போடுங்கள். செலவு கொஞ்சம்தான். மற்ற செலவையெல்லாம் உங்கள் பாட்டையா எப்போதோ செய்துவிட்டுப் போய்விட்டார்.