மனுஷியாக விரும்பும் பேய்கள்: பழையனூர் நீலியும் ஒரு சீனப் படமும்

பேய் எதற்காக மனுஷியாக விரும்ப வேண்டும்? பயம், மூடநம்பிக்கை, பகுத்தறிவு என்ற மூன்று சொற்களுக்குள் பேயை அடைத்துவிட்டோம். அது என்னத்தைக் கேட்கிறது என்று காதுகொடுக்கும் வேலை நிலுவையில் கிடக்கிறது. எட்டயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவதில் ஒரு சங்கடமும் உண்டு. பேய்ப் பயத்தைக் கேலி செய்த பாரதி பிறந்த ஊரில் பேய்க்கு வக்காலத்து வாங்குவது எப்படி? பேய் உண்டா இல்லையா என்பது இங்கே பிரச்சினை இல்லை. பேய்க்கதை உண்டு, அதைச் சொல்லும் வாய்களும் கேட்கும் அதிகாரமும் உண்டு. நம் விசாரணை அவற்றைப் பற்றியது.

2008இல் கார்டன் சான் இயக்கிய ‘தீட்டிய தோல்’ என்ற சீனப் படத்தில் ஷியாவெய் என்றொரு நரிப்பேய். மனித இதயங்களைத் தின்று தன் அழகுத் தோலைக் காப்பாற்றி வரும் அது, தன்னைக் காப்பாற்றி வீட்டுக்குக் கூட்டிவந்த தளபதியின் மேல் ஆசைப்படுகிறது. தளபதிக்கு ஏற்கனவே மனைவி உண்டு. பேய் விரும்புவது அவனை மட்டுமில்லை, அவள் இடத்தையும்: அந்த வீட்டின் மனைவி என்ற பதவி. கடைசியில் தன் தவவலிமையை எல்லாம் விட்டுக்கொடுத்துச் செத்தவர்களை எழுப்பிவிட்டு, பழையபடி நரியாகிறது. 2012இல் வூர்ஷான் இயக்கிய இரண்டாம் படம் இதை இன்னும் வெளிப்படையாக்கியது. அங்கே நரிப்பேய் மனுஷியாக வேண்டுமானால், ஒரு மனித உயிர் தன் இதயத்தை மனமுவந்து கொடுக்க வேண்டும். பறித்துத் தின்றால் செல்லாது.

இந்தப் படங்களின் மூலம் பு சொங்லிங் (1640–1715) எழுதிய கதை. அரசுத் தேர்வின் மேல்படிகளை ஏற முடியாமல் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பணக்கார வீடுகளில் வாத்தியாராகக் கழித்தவர் அவர். சுமார் 500 கதைகள் எழுதினார்; செத்து அரை நூற்றாண்டு கழிந்து 1766இல்தான் அவை அச்சேறின. மூலக்கதையில் பேய்க்கு மனுஷியாகும் ஏக்கமே கிடையாது. பச்சை முகமும் ரம்பப் பற்களும் கொண்ட அது, மனிதத் தோலைக் கட்டிலில் விரித்துத் தூரிகையால் வர்ணம் தீட்டி, போர்வைபோல எடுத்துப் போர்த்திக்கொள்கிறது. வீட்டில் சேர்த்தவனின் நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுத்துப் போகிறது. அவ்வளவுதான். தோல் அங்கே வெறும் வேஷம். ஏக்கத்தைப் பேய்க்குள் வைத்தது சினிமா.

ஆனால் அதே தொகுப்பில் நியே ஷியாவோசியென் என்ற இன்னொரு பேய்ப்பெண் உண்டு. ஹாங்காங் சினிமா 1987இல் அவளைப் புகழ்பெற வைத்தது. கதையில் அவள் தன்னை மீட்டவன் வீட்டுக்கு வந்து மாமியாருக்குப் பணிவிடை செய்கிறாள். வந்த புதிதில் அன்னம் தண்ணீர் தொடுவதில்லை. அரை வருஷம் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி குடிக்கப் பழகுகிறாள். பிறகு கல்யாணம், பிள்ளை. பேய் மனுஷியான வழி இதுதான்: அடுப்படி, மாமியார், கஞ்சி, பிள்ளை. மனுஷத்தன்மைக்கான பரீட்சையும் மருமகளாவதற்கான பரீட்சையும் ஒரே வினாத்தாள்.

நம் பக்கத்துக் கொட்டகைகளுக்கும் இந்தப் பாடம் புதிதில்லை. பி. விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’ (1978) தெலுங்கிலிருந்து தமிழ் பேசி வந்து பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. அதில் மோகினிப் பேய் தன்னை ஏமாற்றியவனைத் தேடி வந்து அவன் வீட்டுக்குள் நுழைகிறது. விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரித்துச் சமைக்கும் காட்சியைப் பார்த்தவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பார்த்துச் சிரித்த பெண்களில் எத்தனை பேர் தங்கள் காலும் அந்த அடுப்பில்தான் இருக்கிறது என்பதை அறிந்தே சிரித்தார்கள்? தந்திரக் காட்சி என்று ஒதுக்கப்பட்ட அந்தச் சட்டகம் குடும்பம் பற்றிய துல்லியமான பிரதி.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வோம். சீனத்து நரி விலங்குப் பிறவி. பலகாலத் தவத்தால் படியேறி மனிதத்தை எட்டப் பார்ப்பது. நம் கரிசல்காட்டுப் பேய் அப்படியில்லை. அது ஏற்கனவே மனுஷி. அல்பாயுசில் போனவள், தூக்கில் தொங்கியவள், கிணற்றில் விழுந்தவள், தள்ளிவிடப்பட்டவள். கோடாங்கி உடுக்கை அடித்து முதலில் கேட்கிற கேள்வியே, ‘யாரு நீ, எந்த ஊரு, என்ன வேணும்?’ பிடிபட்டவள் வாய் வழியாகப் பதில் வருகிறது: சேலை, பூ, கறிச்சோறு. உயிரோடு இருந்தபோது கேட்டு வாங்க முடியாத எளிய சாமான்கள். கேட்டதைக் கொடுத்து, உச்சிமுடியைப் புளியமரத்தில் ஆணியடித்துக் கணக்கை முடிப்பார்கள். பெயரும் ஊரும் சொல்லித் தன்னிலையில் நின்று ஒரு பெண் நாலு பேர் முன்னால் பேச, அவள் பேயாக இருக்க வேண்டியிருக்கிறது. பேசி முடித்ததும் ஆணி.

இந்தப் பேய்களின் மூத்தவள் பழையனூர் நீலி. கதை தெரிந்ததுதான். முற்பிறவியில் மனைவியைக் கொன்றவன் மறுபிறவியில் வணிகனாக வருகிறான். கொலையுண்டவள் பேயாகி, மனைவி உருவில், கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்தொடர்கிறாள். பழையனூரில் வேளாளர் 70 பேர் கூடிய சபையில் வழக்கு. பிள்ளை அவனிடம் போய் ‘அப்பா’ என்கிறது. அவள் மனைவிதான் என்று தீர்ப்பாகிறது. உன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு என்று அவனுக்குச் சபை வாக்குத் தருகிறது. இரவில் அவன் சாகிறான். 70 பேரும் தீக்குழியில் இறங்கி வாக்கைக் காப்பாற்றுகிறார்கள்.

7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்த வஞ்சனையைக் குறிக்கிறார். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம், சேக்கிழார் புராணத்தில் வேளாளரின் வாய்மைக்கு இதைச் சான்றாக வைக்கிறார். பழையனூருக்கும் திருவாலங்காட்டுக்கும் இடையே அந்த 70 பேருக்கு நினைவிடமும் இருக்கிறது. நீலிக்குக் கிடைத்தது அகராதியில் ஒரு சொல்: நீலிக்கண்ணீர். பொய் அழுகை என்று அர்த்தம்.

இந்தக் கதையாடலை அவள் பக்கமிருந்து வாசித்துப் பார்ப்போம். ‘இவன் என் புருசன்’ என்று அவள் சபையில் சொன்னது பொய்யா? அவள் அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தானே. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதால்தான் தீர்ப்பு அவளுக்குச் சாதகமாகவும் அமைந்தது. சபை கேட்ட கேள்விகள் இரண்டே: இவள் இவன் பெண்டாட்டியா, பிள்ளை இவனுடையதா. இவளை இவன் என்ன செய்தான் என்ற மூன்றாவது கேள்வி எழவேயில்லை. கொலை வழக்காகவே பதிவாகவில்லை; குடும்ப வழக்காகத்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. நீதி கிடைக்காத இடத்தில் அவள் பேயாகவே காரியத்தை முடித்துக்கொண்டாள். தெற்கே வில்லுப்பாட்டில் பாடப்படும் இசக்கி கதையில் கொலைக்குச் சாட்சி கள்ளிச்செடி. பழையனூரில் கள்ளி பிள்ளையாகச் சபைக்கு வருகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், சாட்சி சபைக்கே வந்திருந்தது, விசாரிக்கத்தான் யாருமில்லை.

இதே பழையனூர் நீலிக்கு வேறொரு விதி எழுதிய நூல் நம்மிடம் உண்டு. அது நீலகேசி, சுமார் 10ஆம் நூற்றாண்டுச் சமண நூல். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் அதைச் சமயதிவாகர உரையோடு பதிப்பித்தார். அதன் தொடக்கமே சுவாரசியம். பாஞ்சால நாட்டில் காளிக்கு உயிர்ப்பலி கொடுக்க வந்தவர்களிடம், மண்ணால் செய்த உருவங்களைக் கொடுத்தால் போதும் என்கிறார் முனிச்சந்திரர் என்ற சமண முனிவர். பலி போன காளி, தென்னாட்டிலிருந்து பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். நீலி பயமுறுத்திப் பார்க்கிறாள். பிறகு அரசகுமாரியாக உருவெடுத்து மயக்கப் பார்க்கிறாள். முனிவர் அடையாளம் கண்டுகொள்கிறார்.

சீனக் கதையில் இந்த இடத்தில் தாவோயிசத் துறவி வாளெடுப்பார். இங்கே முனிவர் பேசுகிறார், பேய் கேட்கிறது. கேட்ட பேய் அறம் ஏற்று ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறது. முதல் வாதமே குண்டலகேசியோடு. அவளும் தன்னைக் கொல்ல வந்த புருசனை மலையிலிருந்து தள்ளிவிட்டுத் துறவியானவள். பிறகு பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று வரிசை நீள்கிறது. பேய் மனுஷியானதற்கு இந்த நூல் காட்டும் அத்தாட்சி மாங்கல்யமோ கஞ்சியோ பிள்ளையோ இல்லை. அவள் வாதம் செய்கிறாள், அதற்கு எதிராளி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுதான் அத்தாட்சி.

இதைக் கொண்டாடிவிட்டு நகர முடியாது. நீலகேசியின் குரல் சமணத்தின் குரல். அவள் வாய் வழியாகப் பேசுவது ஆண் துறவிகளின் தர்க்கம். அவளைக் கொன்றவன் கதை அங்கே காணாமல் போகிறது. கோபத்தை விட்ட பிறகுதான் அறிவு அனுமதிக்கப்படுகிறது. ஆனாலும் நரிப்பேயின் இதயப் பரிமாற்றத்தோடு ஒப்பிட்டால், மனுஷத்தன்மையைக் காதலில் தேடாமல் பேச்சில் தேடிய ஒரு சாத்தியம் தமிழில் இருந்திருக்கிறது.

அதே திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் எதிர்த்திசையில் நடந்தவர் காரைக்கால் அம்மையார். புருசன் விட்டுப்போய் வேறு கல்யாணம் செய்துகொண்ட பின், அவனுக்காகச் சுமந்த உடம்பை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கியவர். சீனத்துப் பேய்கள் ஏங்கிக் கிடந்த அந்த மனைவிப் பதவியில் முழுதாக இருந்து பார்த்தவர் கேட்ட வரம் இது என்பதைச் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. அங்கே 8, 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களுக்கு நடுவே அம்பிகா இயக்கி நிற்கிறாள், பக்கத்தில் சிங்கத்தோடு. துறவிக்குச் சோறு போட்டதற்காகப் புருசனால் பிள்ளைகளோடு துரத்தப்பட்டுச் செத்து, தெய்வமானவள் என்பது சமணர் சொல்லும் கதை. இயக்கிதான் இசக்கி ஆனாள் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. நூல் மரபு அவளைத் தீர்த்தங்கரருக்குக் காவல் வைத்தது. நாட்டார் மரபு பிள்ளையை இடுப்பில் கொடுத்து ஊர் எல்லையில் நிறுத்தியது. வீட்டுக்குள் இடம் கொடுத்தவர் யாருமில்லை.

கொன்ற பிறகு கும்பிடுவது நம்முடைய பழைய ஏற்பாடு. தெற்கத்திச் சிறுதெய்வங்களில் சாதி மீறியதற்காகக் கொலையுண்டவர்கள் எத்தனையோ பேர். ஆடும் பொங்கலும் வருஷா வருஷம் குறையாமல் போகிறது. கொன்றவன் பேர் மட்டும் பாட்டோடு நின்றுவிடுகிறது. 2016இல் உடுமலைப்பேட்டையிலும் 2025இல் பாளையங்கோட்டையிலும் காதலுக்காக இளைஞர்கள் வெட்டிக் கொல்லப்பட்ட காலத்தில், இது தொன்ம ஆராய்ச்சி மட்டும் ஆகாது. சாதிச்சபைகள் இன்றைக்கும் நீலியின் வழக்கில் கேட்ட அதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்கின்றன: யார் பெண்டாட்டி, யார் பிள்ளை.

நரிப்பேய்க்கு ஒருத்தர் இதயத்தை மனமுவந்து கொடுத்தால் போதும், படம் முடிந்துவிடும். நீலிக்கு இதயம் வேண்டியதில்லை, அவளுக்கு அது இருந்தது. அவளுக்கு வேண்டியது அந்த மூன்றாவது கேள்வி. அதைக் கேட்கிற சபை கூடும்வரைக்கும் அவள் கள்ளிக்கொம்பை இடுப்பிலிருந்து இறக்கப்போவதில்லை.