மூன்றே நாளில் பப்ளிகேஷனா? உஷார்! ஆங்கிலம் கற்பித்தல் ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி? முழு விவரம்

'மூன்றே நாளில் பப்ளிகேஷன், கையோடு சான்றிதழ்' என்ற மாதிரியான விளம்பரங்கள் கல்லூரி ஆசிரியர்களுக்கும் பிஎச்.டி மாணவர்களுக்கும் புதிதல்ல. மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துகொண்டே இருக்கும். வேலை, பதவி உயர்வு, ஆய்வுப் பட்டம் என எதற்குப் போனாலும் 'எத்தனை பேப்பர் போட்டிருக்கீங்க?' என்ற கேள்வி வருவதால், பலர் அவசரத்தில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்த ஜர்னலுக்கு மதிப்பே இல்லை என்பது நேர்காணலில் உட்காரும்போதுதான் தெரியவருகிறது.

ஆங்கிலம் கற்பித்தல் துறையில் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம்? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? அனுப்பிய பிறகு என்ன நடக்கும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இ.எல்.டி. ஜர்னல் என்றால் என்ன?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு அந்த மொழியை எப்படிக் கற்றுத்தருவது என்பதைப் பற்றிய துறைதான் இங்கிலீஷ் லாங்குவேஜ் டீச்சிங், சுருக்கமாக இ.எல்.டி. வகுப்பறை, பாடநூல், தேர்வு, ஆசிரியர் பயிற்சி ஆகியவை இதன் களங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். நம்மூர் ஆங்கிலத் துறைகளில் இலக்கியம் படித்தவர்கள் அதிகம். ஷேக்ஸ்பியர் நாடகத்தைப் பற்றிய விமர்சனக் கட்டுரையை இ.எல்.டி. ஜர்னலுக்கு அனுப்பினால், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்துவிடும். அதே நாடகத்தை வைத்து மாணவர்களின் பேச்சுத்திறனை எப்படி வளர்க்கலாம் என்று எழுதினால், அது இ.எல்.டி. கட்டுரை.

முக்கியமான ஜர்னல்கள் எவை?

* இ.எல்.டி. ஜர்னல்: 1946-ல் தொடங்கியது. அகராதி உலகில் புகழ்பெற்ற ஏ.எஸ். ஹார்ன்பி இதன் முதல் ஆசிரியர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிடுகிறது. கட்டுரை 4,000 சொற்களைத் தாண்டக் கூடாது.
* டெசால் குவாட்டர்லி: 1967 முதல் வெளிவரும் அமெரிக்க இதழ். ஆய்வுமுறைக்கு அதிக முக்கியத்துவம் தரும். முழுக் கட்டுரைக்கு 8,500 சொற்கள் வரை இடம் உண்டு.
* டெஸ்ல்-இ.ஜே.: 1994-ல் தொடங்கிய இணைய இதழ். படிக்கவும் கட்டணம் இல்லை, கட்டுரை வெளியிடவும் கட்டணம் இல்லை.
* ஜர்னல் ஆஃப் இங்கிலீஷ் லாங்குவேஜ் டீச்சிங்: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய ஆங்கில ஆசிரியர்கள் சங்கமான 'எல்டாய்' நடத்தும் இதழ்.

யுஜிசி பட்டியல் இப்போ இல்லையா?

இல்லை. தரமான இதழ்களை அடையாளம் காட்ட யுஜிசி-கேர் பட்டியல் 2019-ல் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அதைக் கைவிடுவதாக யுஜிசி அறிவித்தது. பட்டியலுக்குப் பதிலாக, ஒரு இதழைத் தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டிய அம்சங்களை வெளியிட்டு, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது.

இன்றும் 'யுஜிசி-கேர் அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு ஜர்னல் விளம்பரம் செய்தால், அது பழைய கதை. உங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழகம் எந்த இதழ்களை ஏற்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

பிஎச்.டி மாணவர்களுக்கு இன்னொரு விஷயம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிமுறையில் நீக்கிவிட்டது. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அதைக் கேட்க முடியும். எனவே உங்கள் பல்கலைக்கழக விதியைப் பார்ப்பது அவசியம்.

போலி ஜர்னலைக் கண்டுபிடிப்பது எப்படி?

இவற்றை 'பிரிடேட்டரி ஜர்னல்' என்கிறார்கள். இரை தேடும் இதழ் என்று பொருள். இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல். இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு வழக்கே போதும். ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் பதிப்பகம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. 2019-ல் அந்நாட்டு நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி உத்தரவிட்டது.

கீழே உள்ளவற்றில் இரண்டு, மூன்று பொருந்தினாலே ஒதுங்கிவிடலாம்:

* சில நாட்களில் வெளியிடுவதாக உறுதி தருவது. நிபுணர்கள் படித்துப் பார்க்க அந்த அவகாசம் போதாது.
* ஆங்கிலம், வணிகவியல், பொறியியல், மருத்துவம் என எல்லாவற்றையும் ஒரே இதழில் போடுவது.
* ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைத் தரச் சான்றாகக் காட்டுவது. அது இதழை அடையாளம் காட்டும் எண் மட்டுமே, தரத்துக்கான முத்திரை அல்ல.
* கேள்விப்படாத நிறுவனத்தின் பெயரில் 'இம்பாக்ட் ஃபேக்டர்' காட்டுவது. கல்வி உலகம் ஏற்கும் இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம்.
* ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழின் பெயரே இல்லாதது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நல்ல இதழின் பெயரிலேயே போலி இணையதளம் தொடங்கி வசூல் செய்கிறார்கள். எனவே மெயிலில் வரும் லிங்க்கைத் தொடாமல், பதிப்பகத்தின் தளம் வழியாகவே இதழின் பக்கத்துக்குப் போக வேண்டும்.

பணம் கேட்டாலே போலியா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரையை வெளியிட, தரமான சில இதழ்களும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அந்தத் தொகை தளத்தில் வெளிப்படையாக இருக்கும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே கேட்பது வழக்கம். சந்தா முறையில் இயங்கும் பல இதழ்களில் எழுதுபவர் எதுவும் கட்டத் தேவையில்லை. சங்கங்கள் நடத்தும் சில இதழ்கள் உறுப்பினர் சந்தா கேட்கும்.

அனுப்பும் முன் செய்ய வேண்டியவை

1. இதழைப் படியுங்கள். கடைசி ஓரிரு ஆண்டு இதழ்களைப் புரட்டினாலே அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது புரிந்துவிடும். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் 13,000 சர்வதேச இதழ்களை இலவசமாகப் படிக்கலாம்.

2. தலைப்பைச் சுருக்குங்கள். 'இந்தியாவில் ஆங்கிலம் கற்பிப்பதில் உள்ள சிக்கல்கள்' என்பது ஒரு கட்டுரையில் அடங்காது. தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்கள் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று உச்சரிப்பதை எடுத்துக்கொண்டு, எந்தப் பயிற்சி கொடுத்தபோது மாற்றம் தெரிந்தது என்று எழுதினால் அது கட்டுரை ஆகும்.

3. பெயரை மறையுங்கள். எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவருக்கும், மதிப்பிடுபவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாத முறையையே பல இதழ்கள் பின்பற்றுகின்றன. கட்டுரைக்குள் மட்டுமல்ல, வேர்டு ஃபைலின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியிலும் பெயர் இருக்கக் கூடாது.

4. மாணவர்களின் சம்மதம் வாங்குங்கள். அவர்களின் விடைத்தாள், குரல் பதிவு, பேட்டி எதைப் பயன்படுத்தினாலும் சம்மதம் கட்டாயம். பள்ளி மாணவர்கள் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

5. ஒரு நேரத்தில் ஒரே ஜர்னல். 'எது முதலில் ஓகே ஆகுதோ ஆகட்டும்' என்று இரண்டு மூன்று இடங்களுக்கு அனுப்புவது ஆய்வு நெறிக்கு எதிரானது.

ஏஐ பயன்படுத்தலாமா?

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைக் கட்டுரை ஆசிரியராகக் காட்டக் கூடாது என்று பதிப்பு நெறிமுறைக் குழுவான 'கோப்' 2023-ல் தெளிவுபடுத்தியது. எங்கு, எப்படிப் பயன்படுத்தினோம் என்பதையும் சொல்ல வேண்டும். எவ்வளவு அனுமதி என்பது இதழுக்கு இதழ் மாறும். ஏஐ தரும் மேற்கோள் நூல் பட்டியலை அப்படியே ஒட்டுவது ரொம்ப ரிஸ்க். உலகில் இல்லாத கட்டுரைகளையும் அது இருப்பது போலக் காட்டும்.

பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவும் சோதிக்கப்படும். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அதைத் தாண்டினால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதில் தொடங்கி, ஊதிய உயர்வு நிறுத்தம் வரை நடவடிக்கை உண்டு.

அனுப்பிய பிறகு என்ன நடக்கும்?

முதலில் இதழின் ஆசிரியர் படிப்பார். இதழுக்குப் பொருந்தாது என்றால் அங்கேயே நிராகரிக்கப்படும். பொருந்தினால் பொதுவாக இரண்டு நிபுணர்களிடம் போகும். பதில் வர சில மாதங்கள் ஆகும்.

முதல் முறையிலேயே அப்படியே ஏற்கப்படுவது அபூர்வம். 'பெரிய திருத்தம் தேவை' என்று வந்தால் பலர் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது நல்ல செய்தி, கதவு இன்னும் திறந்தே இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கருத்தையும் வரிசையாக எழுதி, எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினோம் என்று பதில் தர வேண்டும். ஒப்புக்கொள்ள முடியாத கருத்துக்குக் காரணம் சொல்லி மறுக்கவும் செய்யலாம். நிராகரிக்கப்பட்டால், கிடைத்த கருத்துகளை வைத்துத் திருத்தி வேறு இதழுக்கு அனுப்பலாம்.

போலி ஜர்னலில் சிக்கிட்டா?

இதில்தான் உண்மையான இழப்பு. ஒருமுறை வெளியான கட்டுரையை வேறு எந்த நல்ல இதழும் புதிய கட்டுரையாக ஏற்காது. பணம் மட்டுமல்ல, பல மாத உழைப்பும் போய்விடும். கட்டுரை இன்னும் வெளியாகவில்லை என்றால், உடனே எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெறுவதாக மெயில் அனுப்ப வேண்டும். காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. திரும்பப் பெறுவதற்கும் சிலர் பணம் கேட்பார்கள். அதைக் கட்டும் முன், மெயில்களின் நகலோடு ஆய்வு வழிகாட்டியிடமும் கல்லூரி நிர்வாகத்திடமும் தெரிவிப்பது நல்லது.

தரமான இதழில் ஒரு கட்டுரை வர ஓராண்டுகூட ஆகலாம். ஆகவே நேர்காணல் அறிவிப்போ, ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதியோ வந்த பிறகு ஓடத் தொடங்காமல், வகுப்பில் பார்த்ததை முன்கூட்டியே குறித்துவைத்து எழுதத் தொடங்குவதே பாதுகாப்பான வழி.