கண்டிச் சீமைக்குக் கப்பலேறியவர்களும் கடல் மயக்கமும்

2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் ஒரு நடை தொடங்கியது. மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் ஆனதை நினைவுகூர, முன்னோர் நடந்த வழியிலேயே சுமார் 250 கிலோமீற்றர் நடந்து, ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடித்தார்கள். அதைப் பற்றி நிறைய எழுதினார்கள், நிறையப் படம் போட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? அந்த நடை கரையில் தொடங்கியது. முன்னோரின் பயணம் கரையில் தொடங்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு கடல் இருந்தது.

காட்டைப் பற்றி நாம் பேசுகிறோம். சிறுத்தை, காய்ச்சல், கொலரா, வழியில் விட்டுவிட்டுப் போன பிணங்கள் எல்லாம் நம் மேடைப் பேச்சிலும் கதைகளிலும் இருக்கின்றன. கடலைக் கேட்டால் மட்டும் "தோணியில வந்தாங்க" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், அந்தக் கடலில் அவர்களுடைய தலைக்கும் வயிற்றுக்கும் என்ன நடந்தது என்பதைப் பற்றியது.

வாந்திக்கு ஒரு வரலாறா என்று சிரிக்க வேண்டாம். இருக்கு.

18 வளைவும் கடலும்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி 18 வளைவில் பஸ் இறங்கும்போது யாராவது ஒருத்தர் கையில் ஷொப்பிங் பேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது ஒரு அம்மா தேசிக்காயை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருப்பார். பஸ்ஸில் வருவதும் கப்பலில் வருவதும் ஒரே கோளாறுதான்.

நம் உட்காதுக்குள் அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் திரவம் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சிறு பைகள், உடம்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்கின்றன. கண்ணும் தன் பங்குக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. கப்பலுக்குள் உட்கார்ந்தால் கண் "எல்லாம் அசையாமல்தான் இருக்கு" என்கிறது. காது "இல்ல, ஆடுது" என்கிறது. இந்த இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாததால்தான் தலைசுற்றல், வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, பிறகு சத்தி. ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒரு தடவை தூக்கிப் போடும் ஆட்டம்தான் மனிதருக்கு மிக மோசமானது.

இதில் மூன்று தகவல்களை மனதில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும். ஒன்று, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இது வருவது அபூர்வம்; இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்குத்தான் மிக அதிகம். இரண்டு, ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. மூன்று, கடலில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருந்தால் பெரும்பாலானவர்களின் உடம்பு பழகிவிடும்.

தோணிக் காலம்

1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் போட்டார். கண்டியைச் சுற்றிய மலைகளெல்லாம் கோப்பியாக மாறத் தொடங்கியதும், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊரில் இருந்தவர்கள் இந்த மலைகள் அத்தனைக்கும் ஒரே பெயர் வைத்தார்கள்: கண்டிச் சீமை. நுவரெலியாவுக்குப் போனாலும் அவர் "கண்டிக்குப் போனவர்"தான்.

கோப்பி பருவகாலப் பயிர். பறிக்கும் காலத்தில் வந்து, முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தொண்டி, பாம்பன் பக்கத்திலிருந்து தோணியில் ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தார்கள்.

பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். காற்று கிளம்பினால் அங்கே நீளமான பெரிய அலை வராது. குட்டையான, நெருக்கமான, செங்குத்தான அலைகள் வரும். சின்னத் தோணிக்கு அது விடாத குலுக்கல். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அது இன்னும் மோசம். இவர்கள் யார்? ஏரியும் கண்மாயும் பார்த்து வளர்ந்த, வானம் பார்த்த பூமியின் விவசாயிகள். பலருக்கு அது முதல் கடல்.

மேலே சொன்ன மூன்றாவது தகவலை இங்கே பொருத்திப் பாருங்க. மாதக்கணக்கில் கப்பலில் போன ஒப்பந்தக் கூலிகளுக்காவது உடம்பு கடலோடு பழக நாள் கிடைத்தது. பாக்கு நீரிணையோ பழகுவதற்குள் முடிந்துவிடும் கடல். மயக்கம் உச்சத்தில் இருக்கும்போதே கரை வந்துவிடும். கரை வந்ததும் நல்லாயிடுமா என்றால், அதுவும் உடனே இல்லை. கப்பலை விட்டு இறங்கிய பிறகும் தரை ஆடுவதுபோல் சிலருக்குக் கொஞ்ச நேரம், சிலருக்கு நாள்கணக்கிலும் இருக்கும். வாந்தி எடுத்த உடம்பில் தண்ணீரும் இல்லை, உப்பும் இல்லை. அந்த உடம்போடுதான் நல்ல தண்ணீர் கிடைக்காத வறண்ட பிரதேசத்துக்குள் பல நாள் நடை தொடங்கியது. அந்த வழியில் செத்தவர்களைக் கொலராவும் காய்ச்சலும் பட்டினியும் கொன்றன என்று படிக்கிறோம். சரிதான். ஆனால் அந்த நோய்களைச் சந்திக்கும் முன்பே பலருடைய உடம்பு வற்றிப் போயிருக்கும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தேயிலை வந்ததும் யார் கப்பலேறினார்கள்?

1867இல் கண்டிக்குக் கோச்சி வந்தது. அதே வருஷம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. அதற்குப் பிறகு மலை நிறம் மாறிய கதை நமக்குத் தெரியும். அந்த மாற்றம் கப்பல் தட்டிலும் நடந்தது என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படாத பகுதி.

தேயிலைக்குப் பருவமில்லை. வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும், குடும்பமாக லயத்தில் தங்க வேண்டும். ஆக, கங்காணி இப்போது ஆண்களை மட்டும் அல்ல, குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்தார். பெண்களும் பிள்ளைகளும். கடல் மயக்கம் அதிகமாக வரும் அதே இரண்டு கூட்டம். கோப்பி தேயிலையானபோது கடலில் சுருண்டு கிடந்தவர்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கும் என்று சொல்ல எந்தப் பதிவேடும் தேவையில்லை, உடற்கூறே போதும்.

நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு தூத்துக்குடி–கொழும்பு முக்கியமான வழியானது. ஒரு ராத்திரிப் பயணம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதிய அதே வழி. அந்தக் கடலைப் பற்றிய வீரக்கதை நமக்கு மனப்பாடம். அதே கடலில் தட்டுப் பயணிகளாக மூட்டை முடிச்சோடு கிடந்தவர்களின் கதை மனப்பாடம் இல்லை.

பிறகு பிளேக் பயத்தில் தட்டப்பாறையிலும், அதன்பின் மண்டபத்திலும் இலங்கை அரசாங்கம் முகாம் போட்டது. கண்டிச் சீமைக்குப் போகிற ஆள் முதலில் அங்கே அடைபட்டு, குளித்து, ஊசி போட்டு, சோதனை முடித்துத்தான் கப்பலேற முடியும். தொற்றுநோய் தோட்டத்துக்குப் போகக் கூடாது என்பதில் இருந்த அக்கறை அது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்ததும் கடல் சுமார் 35 கிலோமீற்றராகச் சுருங்கியது. சில மணித்தியாலத் துன்பம்தான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சத்தி வர அரை மணித்தியாலம் போதும்.

அதே காலத்தில் சீமையில்

இந்த நோய் பணக்காரரையும் விடாது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடல் மயக்கம் இருந்தது. பீகிள் கப்பலில் உலகம் சுற்றிய சார்ல்ஸ் டார்வின் கடைசி வரைக்கும் கஷ்டப்பட்டார். வித்தியாசம் நோயில் இல்லை, கவனிப்பில் இருந்தது.

1864இல் ஜோன் சப்மன் என்ற லண்டன் மருத்துவர், முதுகெலும்பில் ஐஸ் பையை வைத்தால் கடல் மயக்கம் தீரும் என்று புத்தகமே எழுதினார். மலையக வரலாற்று எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் 'ஆதிலட்சுமி' கப்பல் தொழிலாளர்களோடு மூழ்கியதாகச் சொல்லப்படுவதும் அதே 1864தான். உருக்கு மன்னர் ஹென்றி பெசமருக்குக் கடல் மயக்கம் தாங்கவில்லை. கப்பல் ஆடினாலும் ஆடாத ஒரு தனி அறையை உள்ளே தொங்கவிட்டுச் சொந்தக் கப்பலே கட்டினார். 1875இல் அது பிரான்ஸின் கலே துறைமுகத்தில் போய் முட்டியதோடு அந்தக் கனவு முடிந்தது. ஒருத்தருடைய வயிற்றுக்காக ஒரு கப்பல்! எங்க ஆட்களுக்கு ஒரு தகரவாளி கிடைத்திருந்தால் பெரிய விஷயம்.

உண்மையான விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1882இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாதவர்களில் உட்காதின் சமநிலை உறுப்பு வேலை செய்யாத பலருக்குத் தலைசுற்றலே வருவதில்லை என்று கண்டார். கோளாறு வயிற்றில் இல்லை, காதில் என்பது அப்படித் தெளிவானது. 1947இல் பால்டிமோரில் தோல் தடிப்புக்கு மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண், டிராம் வண்டியில் வழக்கமாக வரும் மயக்கம் வரவில்லை என்று சொன்னார். அந்த மாத்திரைதான் டைமென்ஹைட்ரினேட். அதை அட்லாண்டிக்கைக் கடந்த படைக்கப்பலில் வீரர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பெரிய சோதனைகள் எல்லாம் சிப்பாய்கள் மேல்தான் நடந்தன, ஏனென்றால் வாந்தி எடுக்கிற சிப்பாயால் சண்டை போட முடியாது. வாந்தி எடுத்த கூலி இறங்கி நடந்தார், அடுத்த வாரம் கொழுந்தெடுத்தார். அதனால் அவருக்காக யாரும் சோதிக்கவில்லை.

திரும்பிப் போன கப்பல்

கதை ஒரு பக்கம் மட்டும் ஓடவில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அதே டிசெம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு 'இராமானுஜம்' கப்பல் ஓடியது. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் பாஸ்போட் எடுத்து, 'ஒப்பாரிக் கோச்சி' என்று சனம் பேர் வைத்த ரயிலில் தலைமன்னாருக்குப் போனார்கள். 1984 வரை அந்தக் கப்பல் ஓடியது.

இந்தத் தடவை கப்பலேறியவர்கள் மலையில் பிறந்தவர்கள். அவர்களுடைய தாத்தாவுக்குக் கடல் புதுசு; இவர்களுக்கும் புதுசு. அழுது அழுது சாப்பிடாமல், தூங்காமல், நெருக்கியடித்த ரயிலில் வந்து, அப்படியே கப்பலேறினார்கள். வெறும் வயிறு, களைப்பு, பதற்றம், அடைத்த காற்று. கடல் மயக்கத்தைக் கூட்டுகிற அத்தனையும் அந்தப் பயணத்தில் இருந்தன.

இப்போ நாம போனால்

2023 ஒக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. பருவக்காற்றால் சில நாளிலேயே நிறுத்தி, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். கண்டிப் பக்கத்துப் பிள்ளைகளும் போகிறார்கள். அன்றைக்கு யாரும் முன்னோருக்குச் சொல்லாததை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம்.

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்க. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு. முன்பக்க இருக்கை வேண்டாம். வெளியே பார்க்க முடிந்தால் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்க, கண்ணும் காதும் சமாதானமாகும். முடியாவிட்டால் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து வையுங்க. ஃபோன் பார்க்காதீங்க. வெறும் வயிற்றிலும் ஏறக் கூடாது, கொத்து அடித்துவிட்டும் ஏறக் கூடாது. இரண்டு பிஸ்கட், கொஞ்சம் சோறு போதும். இஞ்சி உண்மையிலேயே கொஞ்சம் உதவுகிறது. 1980களில் டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர்களிடம் சோதித்தபோது இஞ்சி சாப்பிட்டவர்கள் குறைவாக வாந்தி எடுத்தார்கள். இஞ்சி பிளேன்டீயை வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பலாம். மாத்திரை என்றால் மயக்கம் வந்த பிறகு போட்டுப் பிரயோசனமில்லை, ஏறுவதற்கு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் முன்னமே போட வேண்டும். தூக்கம் வரும். சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வேறு மருந்து எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. சத்தி வந்துவிட்டால் ஜீவனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும்.

கடைசியாக ஒரு வேலை. இராமானுஜம் கப்பலில் பிள்ளைகளாகப் போனவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருக்கிறார்கள். நம்மில் பலருக்குச் சித்தி, மாமா முறை. கப்பலில் அங்கே போய்ப் பார்க்கிறவர்கள், ஒப்பந்தத்தையும் கணக்கையும் கேட்கும் முன் இதைக் கேளுங்க: "சித்தி, கப்பல்ல உங்களுக்குச் சத்தி வந்துச்சா? யார் தலையைப் புடிச்சா? குடிக்கத் தண்ணி இருந்துச்சா?" பதிலை ஃபோனில் பதிந்து வையுங்க. தோணியில் வந்த அப்பாயிகளிடம் அதை யாரும் கேட்கவில்லை. இவர்களிடம் கேட்க இன்னும் நேரம் இருக்கு.