கார் எஞ்சின் எண்ணெய்: 5,000 கிலோமீட்டரா, 10,000 கிலோமீட்டரா? பினாங்குச் சாலைகளுக்கு ஏற்ற கணக்கு

ஜோர்ஜ்டவுன் – பட்டறையில் எண்ணெய் மாற்றிக்கொண்டு வெளியே வரும் எந்தக் காரிலும் முன்கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு சிறு ஒட்டி இருக்கும். அடுத்த முறை எந்தக் கிலோமீட்டரில் வர வேண்டும் என்று பட்டறைக்காரர் அதில் எழுதியிருப்பார். பெரும்பாலும் 5,000 கூட்டி எழுதப்பட்டிருக்கும். அதே காரின் கையேட்டைத் திறந்தால் 10,000 என்று போட்டிருக்கிறது. இரண்டில் எதை நம்புவது என்ற குழப்பம் தீவிலும் செபராங் பிறையிலும் கார் வைத்திருக்கும் பலருக்கு உண்டு. மாதக் கடைசியில் கையில் காசு குறைவாக இருக்கும்போது, "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று தள்ளிப்போடுவதும் வழக்கம்தான். அந்த ஒரு மாதம் சிலருக்கு ஒன்றும் செய்யாது. வேறு சிலருக்கு எஞ்சினையே பிரிக்க வேண்டிய செலவில் கொண்டுபோய் விடும்.

கையேடு சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். பெரோடுவா, புரோட்டோன் இரண்டின் இன்றைய பராமரிப்பு அட்டவணையும் பெரும்பாலான மாதிரிகளுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம் என்றே சொல்கிறது. இதில் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. பலர் கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு மாதத்தை மறந்துவிடுகிறார்கள். உத்தரவாதக் காலம் முடியாத புதிய கார் என்றால் இந்த அட்டவணையைத் தாண்டவே கூடாது.

5,000 என்ற எண் பழைய காலத்து எண். சாதாரண மினரல் எண்ணெய் மட்டுமே புழங்கிய நாள்களில் அமெரிக்கப் பட்டறைகள் 3,000 மைல் என்று சொல்லி வந்தன. அது ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். நம் ஊர் 5,000 கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. எண்ணெய் மேம்பட்டது, எஞ்சினும் மேம்பட்டது, ஆனால் எண் மட்டும் மாறவில்லை. கலிபோர்னியா மாநில அரசு ஒரு கட்டத்தில், தேவையில்லாமல் 3,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றி கழிவைப் பெருக்காதீர்கள், கையேட்டைப் பாருங்கள் என்று பொதுமக்களிடம் பிரசாரமே நடத்தியது.

அப்படியானால் 10,000 தான் சரி, பட்டறைக்காரர் காசு பிடுங்குகிறார் என்று முடிவு கட்டிவிடலாமா? பினாங்கில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

எண்ணெய் எப்படிக் கெடுகிறது?

நம் மக்கள் 'மினியாக் ஈத்தாம்' என்று மலாயில் சொல்லிப் பழகிவிட்ட இந்தக் கறுப்பு எண்ணெய், புட்டியிலிருந்து ஊற்றும்போது தேன் நிறத்தில்தான் இருக்கும். தமிழில் இதற்கு மசகு எண்ணெய் என்று பெயர். மாட்டு வண்டி அச்சில் பூசிய கறுப்பு மையையும் மசகு என்றே சொன்னார்கள். வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்: உலோகமும் உலோகமும் நேரடியாக உரசாமல் நடுவில் ஒரு மெல்லிய படலமாக நிற்பது.

கார் எஞ்சினில் அதோடு வேறு வேலைகளும் உண்டு. சூட்டை இழுத்துக்கொண்டு போக வேண்டும். எரிந்த பெட்ரோலின் கரியைத் தன்னோடு சுமந்து, அது எஞ்சின் சுவரில் படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்க வேண்டும். இதற்காகவே எண்ணெயில் பல சேர்மானங்கள் கலக்கப்படுகின்றன. எண்ணெய் தீர்ந்துபோவது குறைவு. சேர்மானம்தான் தீர்ந்துபோகிறது. அளவு சரியாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டு மாற்றாமல் விடுவது அதனால்தான் தவறு.

இன்னொரு எதிரி தண்ணீர். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகும். அதில் கொஞ்சம் எண்ணெயோடு கலக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி அரைமணி நேரமாவது ஓடினால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். ஆயர் ஈத்தாமில் வீடு, பக்கத்திலேயே சந்தை, கோயில், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஐந்து ஐந்து நிமிடமாக ஓடும் காரில் எஞ்சின் முழுச் சூட்டுக்கே வராது. ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கிவிடும். ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிலோமீட்டர் ஓட்டினால் 6 மாதத்தில் 900 கிலோமீட்டர்தான் வரும். "ஆயிரம்கூட ஓடவில்லையே" என்று அவர் நினைப்பது இயல்பு. அவருக்காகத்தான் கையேட்டில் 6 மாதம் என்ற வரி இருக்கிறது.

தோட்டத்து டிராக்டர் சொல்லும் கணக்கு

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான். பல டிராக்டர்களில் 250 மணி நேரம் எஞ்சின் ஓடினால் எண்ணெய் மாற்ற வேண்டும். எண்ணெயைப் பொறுத்தவரை சக்கரம் எவ்வளவு தூரம் உருண்டது என்பதைவிட எஞ்சின் எவ்வளவு நேரம் சுழன்றது என்பதே முக்கியம்.

இந்தக் கணக்கைப் பினாங்குக் காருக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். வேலை முடியும் நேரத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலிருந்து புறப்பட்டு, துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் ஊர்ந்து, 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தைக் கடந்து பிறைக்குப் போகிறவரின் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட 500 மணி நேரம் ஆகும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 90இல் போகிறவருக்கு அதே 10,000 கிலோமீட்டர் 111 மணி நேரத்தில் முடிந்துவிடும். மீட்டரில் இருவருக்கும் ஒரே எண்தான். எண்ணெய்க்கு வேலை நாலரை மடங்கு வித்தியாசம்.

நெரிசலில் ஊர்கிறவர் 5,000இல் மாற்றினால் 250 மணி நேரம் வருகிறது. டிராக்டர் கணக்குதான். பட்டறைக்காரரின் பழைய எண் தீவு நெரிசலுக்கு ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது, காரணம் வேறாக இருந்தாலும்.

முன்பு பெர்ரியில் ஏறினால் கடலைக் கடக்கும் நேரமாவது எஞ்சின் அணைந்து கிடக்கும். 2021 முதல் கார்கள் பெர்ரியில் ஏறுவதில்லை. இரண்டு பாலங்களை விட்டால் வேறு வழியில்லை. தைப்பூச நேரத்தில் தண்ணீர்மலைப் பக்கம் காரை எடுத்துப்போய் குளிர்சாதனத்தோடு மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

கையேடுகளும் இதை மறைக்கவில்லை. பின்பக்கங்களில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். குறுகிய தூர ஓட்டம், நின்று நின்று போகும் நெரிசல், நீண்ட நேரம் நின்றபடி எஞ்சின் ஓடுவது, புழுதிச் சாலை, மலையேற்றம், அதிக பாரம் – இவற்றுக்கு இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கும். பல கையேடுகள் பாதியாக்கச் சொல்கின்றன. பத்து ஃபெரிங்கி வளைவுகளிலும் பாலிக் பூலாவ் மலைச் சாலையிலும் தினமும் ஓடும் கார் இந்தப் பட்டியலில் சேரும். நிபோங் திபால், சிம்பாங் அம்பாட் வட்டாரங்களில் செம்பனைக்கு நடுவே செம்மண் பாதையில் ஓடும் காரும் வேனும் சேரும். புழுதியில் ஓடும் வண்டிக்கு எண்ணெயோடு காற்று வடிகட்டியையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அது அடைந்தோ கிழிந்தோ போனால் மண் நேராக எஞ்சினுக்குள் போகும். புது எண்ணெயும் காப்பாற்றாது.

ஆகக் கவனமாக இருக்க வேண்டியவர்கள் இ-ஹெய்லிங் ஓட்டுநர்கள். நாளைக்கு 200 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் மாதத்துக்கு 5,000 கிலோமீட்டர். இவர்களுக்கு '6 மாதம்' என்ற வரியால் பயனே இல்லை. இரண்டு மாதத்தில் 10,000 வந்துவிடும், அதுவும் பாதி நெரிசலில். வருமானம் நின்றுவிடும் என்று சர்வீஸைத் தள்ளிப்போடுகிறவர்களும் இவர்களே.

புட்டியில் இருக்கும் எண்கள்

0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்ற எண்கள் எண்ணெயின் தரத்தைச் சொல்வதில்லை, கெட்டித்தன்மையைச் சொல்கின்றன. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்குப் பின்னால் வரும் எண்தான் சூடான எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு அளவு. நம் ஊரில் குளிர் இல்லையே, கெட்டியான எண்ணெயே நல்லது என்று சிலர் புதிய மைவிக்கும் 15டபிள்யூ-40 ஊற்றச் சொல்கிறார்கள். புதிய எஞ்சின்களில் எண்ணெய் ஓடும் துவாரங்கள் நுண்ணியவை. கையேடு எந்த எண்ணைச் சொல்கிறதோ அதுவே போதும்.

தரத்தைச் சொல்வது ஏபிஐ எழுத்துகள். பெட்ரோல் கார்களுக்கு 'எஸ்' என்று தொடங்கும். 2020இல் வந்த எஸ்பி, 2010இல் வந்த எஸ்என் ஆகியவை இப்போது கடைகளில் கிடைக்கின்றன. இரண்டாம் எழுத்து எவ்வளவு பின்னால் வருகிறதோ அவ்வளவு புதிய தரம். விலை மலிவாக இருக்கிறதே என்று எஸ்எஃப் போட்ட புட்டியை வாங்கினால், அது பல பத்தாண்டுகளுக்கு முந்திய எஞ்சினுக்கான தரம். மினரல் எண்ணெய் ஊற்றிவிட்டு 10,000 வரை இழுப்பதும் ஆபத்து. முழு செயற்கை எண்ணெய்க்குத்தான் அந்தத் தாங்கும் சக்தி உண்டு. விலை வித்தியாசம் இருந்தாலும் மாற்றும் தடவை குறையும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். எண்ணெய் வடிகட்டியைக் கூடவே மாற்றுவது நல்லது. அதில் மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காருக்கு வாங்கியதில் மிஞ்சிய எண்ணெயைக் காப்சாய்க்கு ஊற்றக்கூடாது. அந்த எஞ்சினில் கிளட்ச்சும் அதே எண்ணெயில் நனைகிறது. கார் எண்ணெயின் வழவழப்புச் சேர்மானம் கிளட்ச்சை நழுவ வைக்கலாம். புட்டியில் 'ஜாசோ எம்ஏ' என்று இருக்கிறதா பாருங்கள்.

கம்பியும் சிவப்பு விளக்கும்

எண்ணெய் கறுத்துவிட்டது என்பதற்காக உடனே மாற்ற வேண்டியதில்லை. கரியைச் சுமக்கும் வேலையைச் செய்ததால்தான் கறுத்தது. டீசல் ஹைலக்ஸில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். பார்க்க வேண்டியது அளவை. சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில நிமிடம் கழித்து அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் செருகி எடுத்தால் இரண்டு குறிகளுக்கு நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும். பழைய கார்கள் எண்ணெயைக் குடிக்கும் என்பதால் அவற்றை இரு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல். சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் அது சர்வீஸ் நினைவூட்டல் இல்லை. எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். வீடு பக்கத்தில்தான் என்று ஓட்டிப்போகாமல், ஓரம் கட்டி உடனே அணைக்க வேண்டும். சில நிமிடத்தில் எஞ்சின் இறுகிவிடக்கூடும்.

எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தில் நின்ற காரை, தண்ணீர் வடிந்ததும் சாவி போட்டு முடுக்கிப் பார்க்கவே கூடாது. இழுவை வண்டியில் பட்டறைக்குக் கொண்டுபோய், எண்ணெயை வடித்த பிறகுதான் மற்றது.

ரசீது எதற்கு?

டொயோட்டா 2002இல் அமெரிக்காவில் சில கேம்ரி, சியன்னா உள்ளிட்ட 33 லட்சம் வாகனங்களின் எஞ்சின் கசடுப் பிரச்சினையைக் கையாள வேண்டி வந்தது. எண்ணெயைக் காலத்தோடு மாற்றாததே காரணம் என்றது நிறுவனம். மாற்றினோம் என்றார்கள் பல உரிமையாளர்கள். பழுதுபார்க்க நிறுவனம் முன்வந்தபோது கேட்டது, பராமரித்ததற்கான சான்று. ரசீது வைத்திருந்தவர்களுக்கு வேலை சுலபமானது.

இங்கேயும் அப்படித்தான். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெயின் பெயர், எண், அளவு எல்லாம் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். சிறிய கார்களுக்கு 3 லிட்டரைச் சுற்றித்தான் தேவைப்படும். 4 லிட்டருக்குக் காசு கொடுத்திருந்தால் மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முத்திரை உடைக்காத புட்டியைக் கண்ணெதிரே திறக்கச் சொல்வதில் வெட்கம் எதற்கு? வேலை சரியில்லை என்று தகராறு வந்தால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆலோசனைக்கு, 1969 முதல் இயங்கும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் இருக்கிறது.

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுகிறவர்கள் தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் நிறைய. காசு மிச்சம்தான். வடித்த எண்ணெயை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். லயத்துக் கால்வாயில் ஊற்றினால் மழையோடு ஜூரு ஆற்றுக்கோ பிறை ஆற்றுக்கோ போய்ச் சேரும். கறையானுக்கு நல்லது என்று மரத்தூணில் பூசுகிறார்கள், அதில் உள்ள உலோகத் துகளும் நஞ்சும் மண்ணில் இறங்கும். 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளில் பழைய மசகு எண்ணெய், எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில், அட்டவணையிடப்பட்ட கழிவாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. காலிப் புட்டியிலேயே திரும்ப ஊற்றி மூடி, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். புது எண்ணெய் வாங்கும் கடையிலேயே முதலில் கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.