வாயைத் திறந்தால் ஊர் தெரியும்

மலோயாக் கணவாயிலிருந்து ஒஸ்ரிய எல்லை வரை இன் ஆறு ஓடும் பள்ளத்தாக்கே எங்கடின். இதன் மேற்பகுதியில் வீட்டைச் 'சேசா' என்பர். கீழ்ப்பகுதியில் 'சாசா' என்பர். ஓர் உயிரெழுத்தே வேறுபாடு. ஆயினும் அந்த ஓர் எழுத்தைக் கேட்டவுடன், பேசுபவர் சமேடான் பக்கத்தவரா, ஸ்குவோல் பக்கத்தவரா என்று இவ்வூர் முதியவர்கள் சொல்லிவிடுவர். இவர்களோடு ஹோட்டல் சமையலறைகளில் ஆண்டுக்கணக்காக வேலை செய்த எம்மவர்க்கு இது புதினமன்று. 'என்ன செய்யிறியள்' என்ற ஒரு கேள்வியைக் கொண்டே ஆளின் ஊரைக் கணிப்பவர்களல்லவா நாம்?

ஆனால் வாயைத் திறந்ததும் வெளிப்படுவது பிறந்த ஊர் மட்டுமன்று. கேட்டு வளர்ந்த குரல்களும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. எமது தலைமுறையில் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்த எந்த இளைஞனும் தன் ஊர்ப் பேச்சில் பேசியதில்லை. நாடகம் என்றால் சிவாஜி கணேசன். அறிவிப்பு என்றால் இலங்கை வானொலி. 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வசனம், அதன் பின் பல்லாண்டுகள் வடக்கின் பாடசாலை மேடைகளில் முழங்கியது. வீட்டில் 'உவன் எங்கை போட்டான்' என்று கேட்கும் பையன், திரை விலகியதும் வேற்று நாட்டவன் போலப் பேசினான். அதைக் கேட்டுத் தாய்மார் மகிழ்ந்தனர். நாமும் அப்படி முழங்கியவர்களே.

கொழும்பு வானொலி 1925 மார்கழியில் தொடங்கியது. வியப்பு யாதெனில், றுமான்ச் மொழியிலான முதல் வானொலி நிகழ்ச்சி சூரிச்சிலிருந்து ஒலித்ததும் அதே ஆண்டில்தான். 1950களில் இந்திய அரசின் அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கியபோது, தமிழகத்து நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். எஸ்.பி. மயில்வாகனனின் குரல் கடல் கடந்து புகழ் பெற்றது இந்தச் சூழ்நிலையிலேதான். அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என ஒரு வரிசை வந்தது. ராஜாவின் வேகத்தைப் பிரதி செய்யாத யாழ்ப்பாணத்து ஒலிபெருக்கிக்காரர் இல்லை எனலாம். கோயில் திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டியிலும் அவரே பேசுவது போலிருக்கும். அந்த ராஜா 1994இல் கொழும்பில் கொலையுண்டார். ராஜேஸ்வரி சண்முகம் 2012இல் மறைந்தார்.

இந்தக் குரல்களின் சிறப்பு யாது? அவற்றைக் கேட்டு எவராலும் ஊரைச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணப் பேச்சில் 'ழ'வும் 'ள'வும் ஒன்றாகிவிட்டன. பழமும் பள்ளமும் எமது நாவில் ஒரே 'ள'தான். வானொலியிலோ ழகரம் ழகரமாகவே ஒலித்தது. வடக்கு, கிழக்கு, மலையகம், தமிழகம் ஆகிய அனைவர்க்கும் விளங்கும் ஒரு தமிழை அவர்கள் உழைத்து உருவாக்கினர். அது பெருஞ்சாதனை. எனினும் அதனால் வேறொன்றும் நிகழ்ந்தது: அதுவே 'சரியான தமிழ்', மற்றையவெல்லாம் கொச்சை என்ற எண்ணம் எமது மனதில் வேரூன்றியது.

கொச்சைக்கும் வானொலியில் இடமிருந்தது. சானா என்ற சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா' யாழ்ப்பாணப் பேச்சிலேயே ஒலித்தது. பின்னர் எஸ். ராம்தாஸ் குழுவினரின் 'கோமாளிகளின் கும்மாளம்' வந்தது. 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமுமாயிற்று. அதில் நான்கு பேர், நான்கு தமிழ். மரிக்காராக ராம்தாஸ் முஸ்லிம் வழக்கில் பேசினார். அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். உபாலியாக எஸ். செல்வசேகரன் சிங்களவரின் தமிழைப் பேசினார். ஐயராக வந்தவரோ அப்துல் ஹமீத்! முஸ்லிம் ஐயராகவும், தமிழர் மரிக்காராகவும் பேசி, இருவரும் சொந்த ஊர்க்காரரை விடத் துல்லியமாகப் பேசினர் என்று மக்கள் கொண்டாடினர். அப்பெயர்கள் அக்கலைஞர்களோடு ஒட்டிக்கொண்டன. 2016இல் காலமாகும் வரை அவர் மரிக்கார் ராம்தாஸ்தான்.

அந்த நான்கு பேச்சுகளும் ஒரே வீட்டில் கூடிச் சிரித்தமை நினைக்க இனிமையானது. படம் வெளியான அடுத்த ஆண்டு, 1977 ஆவணியில், இனக்கலவரம் மூண்டது. 1983 ஆடியில், தெருவில் மறிக்கப்பட்டவர்களை வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கும்படி பணித்ததாகத் தப்பி வந்தவர்கள் பலர் சொல்லியுள்ளனர். அச்சொல்லின் முதலெழுத்து அதிர்ந்து ஒலிக்க வேண்டும். தமிழ் நாவு அதைப் 'பாலம்' என்பதிலுள்ள பகரம் போல மெலிந்து ஒலித்துவிடும். எமது எழுத்தில் இவ்வேறுபாட்டைக் காட்டவும் வழியில்லை. விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் துறையில் ஒரு சொல்லை உச்சரிக்கத் தெரியாதவர்கள் வெட்டப்பட்ட கதையைப் படித்தபோது, அது பழங்காலத்து விடயம் என்றே எண்ணியிருந்தோம்.

மீண்டும் வானொலிக்கு வருவோம். ஊர்ப் பேச்சு சிரிப்புக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை உடைத்தது 1970களில் ஒலிபரப்பான சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்'. மக்கள் வங்கியின் விளம்பர நிகழ்ச்சியாக வந்த அத்தொடரைக் கேட்டு வீடுகள்தோறும் பெண்கள் கண்ணீர் விட்டனர். அதில் நடித்த கே.எஸ். பாலச்சந்திரன், 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில் யாழ்ப்பாணத்து பஸ் நடத்துநரை உலகமெங்கும் கொண்டுசென்று, 2014இல் கனடாவில் காலமானார். ஆக, யாழ்ப்பாணப் பேச்சுக்குச் சிரிப்பும் கிடைத்தது, கண்ணீரும் கிடைத்தது. மட்டக்களப்பாரின் பேச்சுக்கோ, மலையகத்தாரின் பேச்சுக்கோ அந்த அளவு கண்ணீரை நாம் ஒதுக்கவில்லை. இது எமது நினைவிலிருந்து கூறும் கணிப்பு, மறுப்பவர் மறுக்கலாம்.

இத்தனைக்கும், பேச்சு வழக்கு எழுத்தில் வரலாமா என்ற பெரும் வாதம் 1960களின் முற்பகுதியிலேயே ஈழத்தில் நடந்து முடிந்திருந்தது. கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் சாதாரண மக்களின் பேச்சைத் தம் கதைகளில் எழுதியபோது, மரபுவாதப் பண்டிதர்கள் அதனை 'இழிசனர் வழக்கு' என்று பழித்தனர். மண்ணின் மொழியில் எழுதும் உரிமையை எழுத்தாளர்கள் வென்றனர். ஆனால் அவ்வெற்றி வகுப்பறைக்குள் நுழையவில்லை. நாம் கலைப்பட்டதாரிகளாக வெளிவந்து ஆசிரியரானபோதும், கையில் சிவப்பு மைப் பேனாவுடன்தான் நின்றோம்.

அப்பேனா எம்முடன் எங்கடின் வரை வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், இங்கே நாம் நடத்திய வார இறுதித் தமிழ் வகுப்பில், மட்டக்களப்புப் பெற்றோரின் மகள் ஒருத்தி படித்தாள். கட்டுரையில் 'மறுகா அம்மம்மா வந்தா' என்று எழுதியிருந்தாள். 'மறுகா'வை வெட்டி, 'பின்னர்' என்று சிவப்பில் எழுதினோம். வகுப்பிலே அச்சொல்லை உரக்க வாசித்தபோது, மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். சிரிப்பை நாம் தடுக்கவில்லை. அடுத்த வாரம் தாயார் வந்து நின்றார். "எங்கட அம்மா இப்பிடித்தான் சொல்லுவா, சேர். அவவும் பிழையா?" என்றார். எமது பதில் என்னவென்றால், பரீட்சைக்கு இது உதவாது என்பதே. அப்பிள்ளை அதன்பின் சில வாரங்களே வந்தாள்.

உண்மையில் எமது திருத்தத்திற்கு எந்த அடிப்படையும் இல்லை. 'மறு' என்பதன் அடியாகத் தோன்றிய அச்சொல்லில் தமிழல்லாதது எது? செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1960களில் ஈழத்துப் பேச்சு வழக்குகளை ஆராய்ந்து, பேச்சுத் தமிழ்களுள் எழுத்து வழக்கை மிக நெருங்கியிருப்பது மட்டக்களப்புத் தமிழே என்று எழுதினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலானந்த அடிகள், கிழக்கிலே காரைதீவில் பிறந்தவர். இவையெல்லாம் எமக்குத் தெரிந்திருந்தன. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றிருந்தோம்.

நாம் பிறர்க்குச் செய்ததைப் பிறர் எமக்கும் செய்தனர். தமிழகத்தில் வாய் திறந்த ஈழத்தவரிடம் 'நீங்கள் மலையாளமா' என்று கேட்பது வழக்கம். 2000இல் கமல்ஹாசனின் 'தெனாலி' வந்தபின் கேள்வி மாறியது: 'தெனாலி மாதிரிப் பேசுகிறீர்களே!' இ, அ என்ற சுட்டுகளோடு பழைய உகரச் சுட்டையும் 'உவன், உது, உங்கை' என இன்றும் வாயில் வைத்திருப்பவர்கள் யாழ்ப்பாணத்தார். தமிழகத்துப் பேச்சு அதனை இழந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் நகைச்சுவைப் பாத்திரம் போலப் பேசுவதாகப் பெயர் எடுத்தது நாம்.

இவ்வகையில் எங்கடின் மக்களின் வரலாறு கவனித்தற்குரியது. சமேடானைச் சேர்ந்த யாக்கியாம் பிஃப்றூன் 1560இல் புதிய ஏற்பாட்டைத் தம் மேல் எங்கடின் வழக்கான புதேரில் அச்சிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1562இல், கீழ் எங்கடினின் வல்லாதெர் வழக்கில் சங்கீதங்கள் அச்சேறின. ஒருவர் வழக்கை மற்றவர் பின்பற்றவில்லை. கிறவுபுண்டன் மாநிலம் முழுவதும் இவ்வாறு ஐந்து எழுத்து வழக்குகள் வளர்ந்தன. பேசுவோரோ இன்று சில பத்தாயிரம் பேர் மட்டுமே. 1930களில் முசோலினியின் இத்தாலியர், இது தனி மொழியே அன்று, இத்தாலியத்தின் கிளைப்பேச்சு என்று உரிமை கோரினர். 1938 மாசி 20ஆம் திகதி, சுவிஸ் வாக்காளர்கள் பெரும்பான்மையாக வாக்களித்து, றுமான்சை நான்காவது தேசிய மொழியாக்கினர்.

ஐந்து வழக்கிலும் அரச படிவங்கள் அச்சிடுவது இயலாது. ஆகவே 1982இல் லியா றுமான்ச்சா என்ற மொழிச் சங்கத்தின் வேண்டுகோளின்படி, சூரிச் பேராசிரியர் ஹைன்றிச் ஸ்மிட் 'றுமான்ச் கிறிசூன்' என்ற பொது எழுத்து வழக்கை வகுத்தார். அலுவலகத்திற்கு அது உதவியது. ஆனால் 2003இல், இனிப் பாடநூல்கள் அவ்வழக்கில் மட்டுமே என மாநிலப் பாராளுமன்றம் தீர்மானித்தபோது மக்கள் கொதித்தனர். எங்கடினை அடுத்த மூன்ஸ்ரர் பள்ளத்தாக்கு 2007இல் பொது வழக்கைப் பள்ளியில் ஏற்றுப் பார்த்து, 2012இல் வாக்கெடுப்பு நடத்தி, மீண்டும் வல்லாதெருக்கே திரும்பியது. பிள்ளை முதலில் தன் வீட்டுப் பேச்சில் எழுதப் பழகட்டும் என்பதே பெற்றோரின் வாதம். இங்குள்ள றுமான்ச் வானொலியைத் திருப்பிப் பாருங்கள்: அறிவிப்பாளர் தம் பள்ளத்தாக்கின் பேச்சிலேயே பேசுவார். ஐந்து வழக்கும் ஒரே அலைவரிசையில் ஒலிக்கும், எவரும் சிரிப்பதில்லை.

எமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு. எமக்குப் பொதுவான எழுத்துத் தமிழ் ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அதனைக் கைவிட எவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். எமது கவலை வேறு. இங்கு பிறந்த பிள்ளைகள் தொலைக்காட்சித் தொடரைக் கேட்டுச் சென்னைத் தமிழை, சுவிஸ் ஜெர்மனின் இழுவையோடு பேசுகின்றனர். அவர்களின் 'ற' தொண்டையிலிருந்து வருகிறது. பேத்தி தொலைபேசியில் 'சாப்டீங்களா பாட்டி' என்று கேட்க, வடமராட்சியிலிருந்து அம்மம்மா 'ஆர் பிள்ளை கதைக்கிறது' என்று திருப்பிக் கேட்பதை எமது வீட்டிலேயே கேட்டோம்.

சென்ற மாரியில் இருந்து வகுப்பில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டியோ பாட்டனோ சொல்லும் சொற்களைக் கேட்டு வந்து, ஊர்ப் பெயரோடு எழுத வேண்டும். கேட்ட ஒலியை எவ்வாறு எழுதுவது என்று நாம் தடுமாறும் இடங்களில், பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டு வருகின்றனர். முதலாவது பக்கத்தின் முதலாவது சொல் 'மறுகா'. அதை நாமே எழுதினோம். அன்றைய பிள்ளை இன்று ஸ்குவோலில் வேலை பார்க்கிறாள். வல்லாதெர் சரளமாகப் பேசுகிறாள் எனக் கேள்வி. தமிழில் பேசுகிறாளா என்று தாயாரிடம் கேட்க எமக்குத் துணிவு வரவில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் உரிய பக்கங்கள் ஓரளவு நிரம்பியுள்ளன. மன்னார், மலையகம், புத்தளம், திருகோணமலை ஆகிய பக்கங்கள் வெறுமையாகவே உள்ளன. அவ்வூர் வாசகர்கள் வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு, சொல்லையும் அது வரும் ஒரு வசனத்தையும் இப்பத்திரிகையின் முகவரிக்கு எழுதியனுப்பினால், பெயருடன் சேர்த்துக்கொள்வோம். எழுத்துப்பிழையைப் பற்றி யோசிக்க வேண்டாம். சிவப்பு மைப் பேனாவை மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டோம்.