யேல் பல்கலைக்கழகக் கோல்ப் திடல்: பழமையை மீட்ட பணி

பழைய மண்டபம் ஒன்று இடிந்தால் அதை முன்போல் எடுத்துக் கட்டுதல் அரிதன்று. கல் இருக்கிறது, அளவு இருக்கிறது, அடித்தளமும் கிடைக்கிறது. மண்ணும் புல்லுமே உருவாகக் கொண்ட ஒன்று சிதைந்தால் என் செய்வது? புல் ஆண்டுதோறும் வளர்கிறது. மரம் கிளை பரப்புகிறது. மழைநீர் மேட்டை அரித்துப் பள்ளத்தைத் தூர்க்கிறது. இவற்றுள் எந்த நாளைய உருவத்தை உண்மையான உருவம் என்பது? இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தின் கோல்ப் திடல் நல்லதொரு சான்றாகும்.

கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன் நகருக்கு அருகில் ஏறத்தாழ 700 ஏக்கர் நிலம், 1924இல் அப்பல்கலைக்கழகத்திற்குக் கொடையாக வந்தது. கொடுத்தவர் திருமதி ரே டாம்கின்ஸ். அங்குப் பயின்று காற்பந்துக் குழுவின் தலைவராக விளங்கிய தம் கணவரின் நினைவாக அவர் இதனை அளித்தார். ஈந்தவர் ஒரு பெண். ஆயினும் யேல் கல்லூரியின் இளநிலைப் பட்ட வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969இல்தான் என்பதையும் நாம் மறத்தலாகாது.

கொடை பெரிது, நிலமோ கடிது. பாறையும் சதுப்பும் அடர்காடுமாக இருந்த அவ்விடத்தை வெடிமருந்து வைத்துத் தகர்த்தே சீர்செய்ய வேண்டியதாயிற்று. நான்கு இலட்சம் டாலருக்குக் குறையாத பொருள் செலவாயிற்று. அக்காலத்தில் ஒரு கோல்ப் திடலுக்கு அது வியக்கத்தக்க தொகை.

இதனை உருவாக்கியவர் மூவர். முதலாமவர் சார்லஸ் பிளேர் மக்டானல்டு. இளமையில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் கல்வி பயின்றபோது இவ்வாட்டத்தைக் கற்று, 1895இல் அமெரிக்காவின் முதல் அமெச்சூர் பட்டத்தை வென்றவர். யேல் திடலுக்கு இவர் ஆலோசகர். இரண்டாமவர் சேத் ரேனர். நில அளவைப் பொறியாளராகிய இவர், ஆட்டத்தில் பழக்கமில்லாமலே மக்டானல்டின் துணைவராகி, இத்துறையில் வல்லவரானவர். யேல் திடலை வகுத்து அமைக்கும் பணி இவருடையதே. ஆனால் 1926 சனவரியில், திடல் திறக்கப்படும் முன்பே, ரேனர் காலமானார். அவர் விட்டுச் சென்ற பணிகளைத் தொடர்ந்தவர் மூன்றாமவராகிய சார்லஸ் பாங்க்ஸ். யேலின் பழைய மாணவராகிய இவர் முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1926இல் திடல் திறக்கப்பட்டது.

மக்டானல்டின் முறை ஈண்டு அறியத்தக்கது. பழைய உலகின் புகழ்பெற்ற ஆட்டப் பகுதிகளை ஆராய்ந்து, அவற்றின் கருத்தை மட்டும் எடுத்துப் புது நிலத்திற்கு ஏற்ப அமைப்பது அவர் வழக்கம். பந்து சென்றடைய வேண்டிய குழியின் பெயராலேயே ஒவ்வொரு பகுதியையும் 'குழி' என்பர். யேலின் 13ஆம் குழி 'ரெடான்'. கிரிமியப் போரில் பேர்பெற்ற ஓர் அரணின் பெயரைத் தாங்கிய ஸ்காட்லாந்துக் குழியே இதன் முன்மாதிரி. ஒன்பதாவது 'பியாரிட்ஸ்', பிரான்சு நாட்டுக் கடற்கரை நகரொன்றின் பெயர் கொண்டது. ஆட்டக்காரர் குளத்தைத் தாண்டி இருநூறு கெஜத்திற்கு மேல் பந்தை அடிக்க வேண்டும். அப்பாலுள்ள புற்றரையின் நடுவே ஆள் இறங்கினால் பாதி மறையும் அளவுக்கு ஆழமான பள்ளம் குறுக்கே ஓடுகிறது. பிரான்சிலிருந்த மூலக் குழியோ பல்லாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. மூலம் அழிந்தது, அதன் கருத்தைக் கொண்டு எழுந்தது நிலைத்தது!

எனினும் காலம் யேல் திடலையும் விட்டுவைக்கவில்லை. புல் வெட்டுவோர் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் சிறிது விட்டு வெட்டுவதால் புற்றரைகள் மெல்ல மெல்லச் சுருங்கும். மூலைகள் மழுங்கி வட்டமாகும். மரங்கள் நெருங்கிக் காற்றையும் வெயிலையும் மறைக்கும். இவை எந்தத் திடலிலும் நேர்வன. பிற்காலத்தில் மணற்குழிகளைத் திருத்தியபோது பழைய வடிவம் கெட்டது என்று அறிந்தோர் குறை கூறினர். 2020இல் பெருந்தொற்று பரவியபோது பராமரிப்புக் குறைந்து திடல் புதர் மண்டியது. பழைய மாணவர்கள் கவலையுற்றுக் குரல் எழுப்பினர்.

இதன்பின், 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டிக்குரிய திடலை அமைத்த கில் ஹான்ஸ் என்பாரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. புதியதொன்றை ஆக்குவதன்று, பழையதை மீட்பதே நோக்கம். திடல் மூடப்பட்டது, மறுதிறப்புக்கு நூற்றாண்டு நிறையும் 2026ஆம் ஆண்டு குறிக்கப்பட்டது.

இத்தகைய பணியில் பழைய நிழற்படங்களே கல்வெட்டுகள். அவற்றைக் கொண்டு புற்றரையின் இழந்த எல்லையையும் மணற்குழியின் ஆழத்தையும் காண்கின்றனர். ஆயினும் எல்லாம் 1926ஆக முடியாது. இன்றைய மட்டையும் பந்தும் அன்றையவற்றினும் நெடுந்தொலைவு செல்வன. நீர்வடிகால் முறையும் மாறிவிட்டது. ஆகவே அளவை மீட்பதினும் கருத்தை மீட்பதே தலையாயது. மக்டானல்டு பழைய குழிகளைக் கையாண்ட முறையும் அதுவேயன்றோ?

இதில் நாம் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. பிறர் நினைவுக்காக அளித்த பொருளைப் பெற்ற நிறுவனம், அதனை வைத்திருத்தல் மட்டும் போதாது, காத்தலும் வேண்டும். காவாத கொடை பாழ்நிலமாகும். பாழ்பட்டபின் மீட்பதற்கு ஆகும் பொருளும் உழைப்பும், நாள்தோறும் பேணுவதற்கு ஆவதினும் மிகப் பெரிது.