குயிலாப்பாளையத்துச் செம்மண் மேடும் மழைநீரும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே வங்கக் கடலை ஒட்டி ஒரு செம்மண் மேடு எழுகிறது. கடல் மட்டத்திலிருந்து அதன் உச்சி சுமார் 50 மீட்டர். குயிலாப்பாளையம் அந்த மேட்டின் மேல் இருக்கும் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவிலுக்கு ஏறும் வழி இவ்வூரைக் கடந்தே போகிறது. மேட்டின் மேல் ஆறு கிடையாது. சங்கராபரணி ஆறு தென்மேற்கே ஒதுங்கி ஓடிக் கடலில் கலக்கிறது. திண்டிவனத்தை அடுத்த வீடூரில் 1959இல் அதன் குறுக்கே கட்டிய அணையின் தண்ணீரும் இந்த மேட்டுக்கு ஏறாது. குயிலாப்பாளையத்தின் குடிநீரும் பயிரும் என்றுமே மழையை நம்பியவை.

மழைக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் பெய்கிறது. அதாவது ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர் விழுகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அந்தக் கணக்கில் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரு லட்சம் லிட்டர் போதும். இருந்தும் மேட்டு ஊர்களில் சித்திரை, வைகாசியில் தண்ணீருக்கு அலைந்த காலம் நெடியது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதைப் பிடித்து வைக்கும் வழி இருந்தவரை ஊர் பிழைத்தது, அந்த வழி கெட்டபோது தவித்தது. இம்மேட்டின் நீர் வரலாறு இவ்வளவுதான்.

செம்மண்ணுக்கு அடியில் கிடப்பது கடலூர் மணற்கல் என்று நிலவியலார் அழைக்கும் படிவு. பண்டைய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணல் அது. அந்த வெள்ளத்தில் மிதந்து வந்து புதைந்த மரங்கள் கல்லாகி, இதே வட்டத்தைச் சேர்ந்த திருவக்கரையில் இன்றும் கிடக்கின்றன. அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மணற்கல்லின் இடுக்குகளில் மழைநீர் இறங்கித் தங்கும். மணற்கல் மேலே தலைகாட்டும் இடம் இந்த மேடு. அதனால் இங்கே இறங்கும் நீர் மேட்டு ஊர்களுக்கு மட்டும் உரியதாக நிற்பதில்லை. கீழே கடலோரக் குப்பங்களின் கிணறுகள்வரை அது போய்ச் சேர்கிறது. மேட்டில் மழை வீணானால் அங்கேயும் கிணறு வற்றும்.

பழைய ஏற்பாடு எளியது. மேட்டு நிலம் புஞ்சை. கம்பு, கேழ்வரகு, வரகு, பிற்காலத்தில் மல்லாட்டை, முந்திரி என்று மானாவாரியாக விளைவித்தார்கள். சரிவு இறங்கும் இடங்களில் கரை கட்டி ஏரியாக்கினார்கள். ஒவ்வோர் ஏரிக்கும் நீர் கொண்டுவர வரத்து வாய்க்கால், வயலுக்கு விட மதகு, மிஞ்சியதை அடுத்த ஏரிக்கு அனுப்பக் கலங்கல் இருந்தன. மேட்டின் மேற்கிலும் வடக்கிலும் வழியும் நீர் இப்படி ஏரி ஏரியாக இறங்கிக் கழுவெளியில் சேரும். மரக்காணத்தை ஒட்டிய அந்த உவர்நீர்ப் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கோடையில் ஊர் கூடி ஏரியைத் தூர் வாருவதும் கரையை உயர்த்துவதும் குடிமராமத்து. ஏரியைக் கவனிக்கத் தனியாக ஏரி வாரியம் இருந்ததை 10ஆம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் நில வரி அரசுக்குப் போனது, ஏரியைப் பார்க்கும் பொறுப்பும் மெல்ல அரசுத் துறையிடம் நகர்ந்தது. 1858இல் குடிமராமத்தைக் கட்டாய உழைப்பாக்கிச் சட்டம் போட்டார்கள். ஊரார் தம் ஏரி என்று எண்ணிச் செய்துவந்த வேலையைச் சட்டத்தால் மீட்க முடியவில்லை.

வறட்சியின் நினைவு இப்பகுதியில் ஒரு கதையாகவும் தங்கியிருக்கிறது. அருகிலுள்ள இரும்பை மாகாளம் திருஞானசம்பந்தர் பாடிய தலம். அங்கே கடுவெளிச் சித்தர் கடுந்தவம் இருந்த காலத்தில் மழை பொய்த்ததாகவும், அவர் தவத்தைக் கலைக்க மன்னன் ஆடல் மகளை அனுப்பியதாகவும், பின்னர் அவமதிக்கப்பட்ட சித்தரின் சினத்தில் கோயிலின் லிங்கம் மூன்றாகப் பிளந்ததாகவும் தலக்கதை சொல்கிறது. அவர் சாபத்தால்தான் சுற்றுப்புறம் வறண்டது என்பது ஊரார் நம்பிக்கை.

நிலம் வறண்டதற்குக் கண்முன் தெரியும் காரணம் காடு போனது. ஒரு காலத்தில் இக்கடற்கரையில் பரவியிருந்தது என்றும் பசுமை குன்றாத உலர் காடு. வீரை, காசான், உலக்கைப்பாலை போன்ற மரங்கள் அதற்கு உரியவை. விறகுக்கும் மரத்துக்கும் உழவுக்கும் அது வெட்டப்பட்டது, மிஞ்சிய தளிரை ஆடுமாடு மேய்ந்தது. நிழலும் சருகும் போனபின் செம்மண் வெயிலில் இறுகியது. இறுகிய மண்ணில் அடைமழை விழுந்தால் நீர் உள்ளே இறங்காது, மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். அப்படி ஓடிய நீர் குயிலாப்பாளையத்துக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் இடையே ஆழமான ஓடைகளை அறுத்துவிட்டது. மழைக்காலத்தில் கடலோர நீர் செந்நிறமாகும். இன்று சுற்றுலா வருபவர்கள் அந்தச் செம்மண் ஓடைகளின் அழகைப் படம் எடுக்கிறார்கள். ஊருக்கு அவை பல தலைமுறை விளைச்சல் அடித்துச் செல்லப்பட்ட தடம்.

மாற்றம் 1968இல் தொடங்கியது. அவ்வாண்டு பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டு ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டது. வந்து குடியேறியவர்களுக்குக் கிடைத்தது நிழலற்ற பொட்டல். அவர்களும் சுற்று ஊர்களின் உழைப்பாளிகளும் சேர்ந்து முதலில் செய்தது கரை போடுவது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டமாக, நிலத்துக்கு நிலம் மண்கரை எழுப்பினார்கள். எந்த நிலத்தில் விழும் மழையும் அந்த நிலத்திலேயே நின்று இறங்க வேண்டும் என்பது நோக்கம். ஓடைகளின் தலைப்பிலிருந்து தடுப்பணைகள் கட்டினார்கள். கரை நின்ற இடத்தில் மரம் வைத்தார்கள். முதலில் நட்டவற்றுள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வேல இனம் ஒன்று முக்கியமானது. கெட்ட மண்ணிலும் வேகமாக வளர்ந்து, நிழலும் சருகும் தந்து, பிறகு வரும் மரங்களுக்கு இடம் பண்ணிக் கொடுத்தது அது. அதன் நிழலில் உள்ளூர் மரங்கள் திரும்பி வந்தன.

அந்த உள்ளூர் மரங்கள் முற்றிலும் அழியாமல் நின்ற இடங்களுள் கோயில் காடுகள் முதன்மையானவை. அருகிலுள்ள கீழ்ப்புதுப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் கிளை ஒடிக்கவும் மக்கள் அஞ்சினார்கள். பழைய காட்டின் விதை இம்மண்ணில் மிஞ்சியதற்கு இந்த அச்சம் ஒரு பெரிய காரணம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் ஆரோவில் பகுதியில் வைக்கப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். எண்ணிக்கையை விட, மழை நாளில் ஓடை தெளிந்து ஓடுவது பெரிய சான்று.

மேலே நீரைத் தேக்கிய அதே ஆண்டுகளில் கீழிருந்து அதை இறைப்பதும் பெருகியது. கவலை ஏற்றத்தில் மாடு கட்டி இறைத்த காலத்தில் கிணறு ஊறும் அளவுக்குத்தான் எடுக்க முடிந்தது. ஆயில் எஞ்சினும் மின்மோட்டாரும் வந்தபின் ஆழம் ஒரு தடையாக இல்லை. 1990 வாக்கில் உழவர் எல்லாருக்கும் மின்சாரம் இலவசமானது. புஞ்சைக்காரருக்கு அது பெரும் வரம், அவர்கள் மேல் குறை சொல்வது நியாயமில்லை. ஆயினும் போர்க்கிணறுகள் பெருகப் பெருக, ஏரி நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் பயிர் நடக்கும் என்ற நிலை வந்தது. ஏரியின் மேல் இருந்த அக்கறை குறைந்தது. வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன, சில இடங்களில் மறைந்தே போயின.

கடலோரத்தில் இதன் விளைவு கடுமையானது. கடல்நீர் நன்னீரை விடக் கனமானது. நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நின்றால், உப்புநீரைச் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு அது அழுத்தி வைக்கும் என்பது நீரியல் கணக்கு. அந்த ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால் உப்பு அத்தனை மீட்டரும் மேலேறும். மணற்கல்லில் ஒரு முறை புகுந்த உப்பை வெளியேற்றப் பல பருவமழைகள் வேண்டும். கடலோரக் கிணறுகள் சில உவர்த்ததற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

மேட்டில் இப்போது வயல் குறைந்து வீடும் விடுதியும் பெருகிவருகின்றன. கூரையும் சிமெண்டுத் தரையும் மழையைக் குடிப்பதில்லை. கட்டடங்கள் எல்லாவற்றிலும் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியது. குடிமராமத்தைப் பழைய பெயரிலேயே 2017இல் மீண்டும் தொடங்கியது. சட்டமும் நிதியும் இருக்கின்றன. இங்கே மனை கட்டுகிறவர் ஒவ்வொருவரும் தம் மனையில் விழும் மழையை அங்கேயே மண்ணுக்குள் இறக்க வேண்டும். ஏரிகளின் வரத்து வாய்க்கால்களை ஐப்பசி பிறக்கும் முன்பே ஊர் கூடி வெட்டித் திறந்துவிட வேண்டும்.